பதினைந்து புள்ளி, எட்டு வரை

மார்கழி பிறந்தால் தமிழ் இதழ்களோடு கோலப் புத்தகமும் இலவச இணைப்பாக வரும். ஒவ்வொரு கோலத்துக்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி.' பழகிய கைக்கு அந்த ஒரு வரி போதும். நடுவில் 15 புள்ளி வைக்கும். மேலும் கீழும் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள சந்தில் 14, அதற்கடுத்து 13 என்று ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வந்ததும் நின்றுவிடும். வாசலில் ஓர் அறுகோணம் விழுந்திருக்கும்.

மொத்தம் எத்தனை புள்ளி? கோலம் போடுகிறவர் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினால் 169 வரும். இதையே ஒற்றைப் புள்ளியில் தொடங்கிப் பார்ப்போம். 3 புள்ளி 2 வரை என்றால் 7. ஐந்து புள்ளி மூன்று வரை, 19. ஏழு புள்ளி நான்கு வரை, 37. இப்போது இந்த எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒன்றும் ஏழும் 8. அதனுடன் 19 சேர்ந்தால் 27. அதனுடன் 37 சேர்ந்தால் 64. எல்லாம் கன எண்கள். இந்த வரிசையில் எட்டாவதாக வருவதுதான் நம் 169. அதுவரை கூட்டினால் 512, அதாவது எட்டின் கனம். காரணத்தையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு கனசதுரப் பெட்டியின் மூலையை நேருக்கு நேர் பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும், வெளிவிளிம்பு அறுகோணமாக இருக்கும். பக்கத்துக்கு எட்டு சீனிக்கட்டி வைத்து அடுக்கிய பெட்டியில், அந்த மூன்று முகங்களிலும் தெரிகிற கட்டிகள் 169. அவற்றை உரித்து எடுத்தால் உள்ளே ஏழுக்கு ஏழுக்கு ஏழு மிச்சம்.

இதைக் கணிதம் என்று யாரும் சொன்னதில்லை. கோலம் அழகுக்கு, எறும்புக்கு, லட்சுமிக்கு என்றுதான் சொல்லி வந்தார்கள். அது கணிதமும்தான் என்று ஆய்வேட்டில் எழுதியவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறையில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி ஒரு துறைக்குள் அடங்கும் மனிதர் அல்லர். மாமல்லபுரச் சிற்பங்கள், பிராமிக் கல்வெட்டு, திருக்குறள், சிந்துவெளிக் குறியீடுகள் எல்லாவற்றிலும் எண்ணிப் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவர் மனைவி ராணி சிரோமணி, இந்தியாவில் கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இருவரும் மாணவி கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலத்துக்கு இலக்கணம் எழுதியது.

இலக்கணம் என்பது இங்கே உவமை இல்லை. ஒரு மொழியில் சரியான வாக்கியங்கள் அத்தனையையும் சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உண்டாக்கிவிடலாம் என்று 1950களில் நோம் சாம்ஸ்கி காட்டியிருந்தார். அந்த விதிகளில் சொற்கள் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக நிற்கும். கோலமோ நாலு பக்கமும் வளர்வது. அதனால் வரிசைக்குப் பதில் கட்டங்களை வைத்து, ஒரு கட்டத்துக்குப் பதில் இன்னது வரும் என்று விதி எழுதும் முறையைத் தாம்பரத்துக்காரர்கள் வளர்த்தார்கள். 'பட மொழிகள்' என்று கணினி அறிவியலில் ஒரு கிளையே உண்டு. அதில் வாசற்கோலத்துக்கு நிரந்தர இடம் கிடைத்தது இப்படித்தான்.

சிக்குக் கோலத்தை, அதாவது ஊருக்கு ஊர் நெளிக்கோலம், கம்பிக்கோலம் என்று வழங்குவதை, அவர்கள் வேறு விதமாக அணுகினார்கள். படத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடு எத்தனை சிக்கலாக இருந்தாலும், விரல் செய்யும் வேலை ஏழே ஏழு: நேராகப் போவது, வலப்பக்கம் மூன்று விதமாகத் திரும்புவது, இடப்பக்கம் மூன்று விதமாகத் திரும்புவது. ஒரு பெரிய கோலத்தை இந்த ஏழு அசைவுகளின் தொடராக எழுதிவிடலாம், ராகத்தை ஸ்வரமாக எழுதுவது போல. 'எப்படி இவ்வளவு பெரிய கோலத்தை மனசில் வைத்திருக்கிறீர்கள்?' என்று வியப்பவர்களுக்கு இதில் ஒரு பதில் உண்டு. மனசில் இருப்பது படமாக இருக்க வேண்டியதில்லை, நடையாகவும் இருக்கலாம்.

'கிருஷ்ணனின் சலங்கை' என்று ஆய்வாளர்கள் குறிக்கும் கோலத்தின் கதை இன்னும் சுவையானது. அதில் ஒவ்வொரு துண்டும் அடுத்த கட்டத்தில் நான்கு துண்டாகப் பெருகும். பாசி எப்படிக் கிளைத்து வளர்கிறது என்று விளக்க, ஹங்கேரியில் பிறந்த அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்ற உயிரியலாளர் 1968இல் உருவாக்கிய விதிமுறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. செடி வளரும் விதியும் வாசலில் கோலம் வளரும் விதியும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டன.

சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு மானப் பிரச்சினை உண்டு. கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்ததா? இதற்கும் விடை பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, கோடு சாய்வாக ஓடி, ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பும்படி பாய் பின்னுவது போலப் போட்டால், எத்தனை தனி இழைகள் வரும்? வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை. மூன்றுக்கு நான்கு என்றால் ஒரே இழை. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. அதனால்தான் சதுரக் கோலத்தில் ஒரே இழை வேண்டுமென்றால் நடுவில் எங்காவது கோட்டை வளைத்து விட வேண்டியிருக்கிறது.

இதே விதியை ஆப்பிரிக்காவின் மணலிலும் கண்டிருக்கிறார்கள். அங்கோலாவில் சோக்வே மக்கள் 'சோனா' என்று ஒன்று வரைகிறார்கள். பெரியவர் மணலில் விரலால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றி விரலை எடுக்காமல் கோடு இழுப்பார். மொசாம்பிக்கைச் சேர்ந்த கணித அறிஞர் பாவுலஸ் கெர்டஸ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் சோனாவைப் பற்றியும் எழுதினார், 2002இல் கோல மரபு பற்றி விரிவான கட்டுரை ஒன்றும் எழுதினார். இந்த வகை ஆய்வுக்கு 'இனக்கணிதம்' என்று பெயர். அதைப் பரப்பியவர் பிரேசிலின் உபிரடான் டி'அம்ப்ரோசியோ.

வாசலில் இருந்து நாலடி உள்ளே வந்தால் திண்ணை. அங்கே நடந்த கணிதம் வேறு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். நாம் படித்த வாய்ப்பாடு அதன் பக்கத்தில் நிற்காது. நம்முடையது முழு எண்ணோடு நின்றுவிடும். அவர்களுடையது பின்னத்தில் இறங்கும். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 320இல் ஒன்றான முந்திரி. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் 1,02,400இல் ஒரு பங்கு வரும். அதற்கும் கீழ்முந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலம், நெல், பொன் மூன்றையும் அளந்து வரி கட்டிய சமூகத்துக்கு இது ஆடம்பரம் இல்லை.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொன்னபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவாயிற்று. அதற்கு முன்பே, 1789 வாக்கில், எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தேறிய மாணவனே மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையோடு இதையும் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு, எண்சுவடிகளையும் கணக்கு நூல்களையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை நாம் இன்று திட்டும் 'உருப்போடுதல்' என்று ஒதுக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். அங்கே நினைவாற்றல்தான் கணக்குப் போடும் கருவி. கூடவே அவர் காட்டும் இன்னொன்று அவ்வளவு இனிப்பானதல்ல. வயலில் இறங்கிக் கோல் பிடித்து அளந்த கை ஒரு சாதியுடையது. ஓலையில் எழுதிய கை இன்னொரு சாதியுடையது. இரண்டும் ஒரே அளவைத்தான் கையாண்டன. மரியாதை மட்டும் ஓலைக்குப் போயிற்று. வாசலில் புள்ளி வைத்த பெண்களின் அறிவும் திண்ணைப் பாடத்துக்குள் ஏறவில்லை.

ஓலையில் எழுதியதும் வெறும் கணக்கு இல்லை, பாட்டு. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' வெண்பாக்களாகவே விதிகளைச் சொல்கிறது. வட்டத்தின் பரப்பு வேண்டுமா? பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு என்கிறது. இன்றைய சூத்திரத்தோடு ஒத்துப்பார்த்தால் துல்லியம், இம்மி பிசகாது.

எழுதிய பாட்டின் உள்ளேயும் கணக்கு இருந்தது. தமிழ் யாப்பில் அசை இரண்டுதான்: நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு. ஈரசையில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூவசையில் எட்டு, நாலசையில் பதினாறு. ஆக மொத்தம் முப்பது வாய்பாடு. நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் எழுதினால், கணினி எண்ணுவதும் இதைத்தான். வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று ஒரு நொடியில் சொல்லும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள் சாத்தியமானது இந்த ஒழுங்கால்தான்.

வடமொழி யாப்பில் கணக்கு வேறு பக்கம் திரும்பியது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. ஓர் அடிக்கு இத்தனை மாத்திரை என்றால் அதை எத்தனை விதமாக நிரப்பலாம்? 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் விடையை விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் எழுதிவைத்தார்கள். இத்தாலியின் ஃபிபொனாச்சி அதே வரிசையை முயல்குட்டிக் கணக்காகச் சொன்னது 1202இல்.

இந்த இடத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 'பித்தாகரஸுக்கு முன்பே தமிழன்' என்று வாட்ஸாப்பில் ஒரு விதி சுற்றுகிறது. செங்கோண முக்கோணத்தின் நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் வருமாம். 4, 3 என்று போட்டால் 5, சரி. 12, 5 என்றால் 13, அதுவும் சரி. நூறுக்கு ஐந்து என்று போட்டால் 90 வருகிறது. கர்ணம் நீளப் பக்கத்தைவிடக் குட்டையாகப் போய்விட்டது! வர்க்கமூலம் எடுக்க நேரமில்லாத இடத்தில் உதவுகிற கைக்கணக்கு அது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. ஆனால் தேற்றம் இல்லை. போட்டுப் பார்க்காமல் பகிர்வதால் மரபுக்கு எந்தப் பெருமையும் சேர்வதில்லை.

வகுப்பறைக்கு வெளியே வாழும் கணக்கைப் பற்றி 1985இல் வந்த ஓர் ஆய்வை ஆசிரியர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போல விலை கேட்டார்கள். 98 சதவீத விடைகள் சரி. அதே வகைக் கணக்கைப் பிறகு தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். ஒரு காய் 35 என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, 12 வயதுப் பையன் ஒருவன் மூன்று மூன்று காயாகச் சேர்த்துக்கொண்டே போய் 350 என்றான். 35க்குப் பக்கத்தில் ஒரு சுழியைப் போடச் சொல்லித்தரும் பள்ளி முறை அவன் வியாபாரத்தில் நுழையவே இல்லை.

கணக்கதிகாரத்தை வகுப்புக்குள் கொண்டுவர நல்ல இடம் அதன் பலாப்பழக் கணக்கு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளையின் எண்ணிக்கை கிடைக்கும் என்கிறது அந்நூல். நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பருவம் வந்ததும் இருபது பழம் வாங்கி, முள்ளை எண்ணிக் கரும்பலகையில் எழுதி, பிறகு அறுத்துப் பார்க்கலாம். விதி எத்தனை பழத்துக்குப் பொருந்துகிறது, எவ்வளவு தப்புகிறது, பெரிய பழத்தில் அதிகம் தப்புகிறதா என்று ஒரு வரைபடம் போட்டால் புள்ளியியலின் முதல் பாடம் முடிந்துவிடும். எண்ணி முடித்த சுளைகளை என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.