மனையகத்தே முரசொலி பதிதல்

முரசொலியோடு தமிழர் வாழ்வு கொண்ட தொடர்பு மிகத் தொன்மையானது. மும்முரசு எனப் பெயரிட்டு அவற்றைப் போற்றினர் நம் முன்னோர். மேற்குமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூரில் இன்றும் திருமண ஊர்வலமாயினும், கோயில் திருவிழாவாயினும், தேவாலயப் பவனியாயினும், தோற்கருவியின் முழக்கமின்றி நடைபெறுவதில்லை. பறையோடும் உறுமியோடும், மேனாட்டார் படைகளின் வழியே நம் நாடு புகுந்த சைடு டிரம் என்னும் சிறு முரசும் பாண்டு வாத்தியக்காரர் தோளில் தொங்குகின்றது. இதனையே ஸ்நேர் டிரம் என்றும் கூறுவர். இம்முரசின் ஒலியைத் தம் வீட்டறையிலேயே கணினி கொண்டு பதிய விரும்பும் இளைஞர் இந்நாளில் பலராதலின், அம்முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வீட்டிற் பதிந்த இசை இழிந்தது என்று எண்ணற்க. 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் இசை, சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த பதிவகத்தில் உருவாயிற்று. இடத்தின் பெருமையினும் செவியின் கூர்மையே முதன்மையானது என்பதற்கு இது சான்றாகும்.

முதலாவது, கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஸ்நேர் டிரம் பெரும்பாலும் 14 அங்குல விட்டமும் 5 முதல் 6½ அங்குல ஆழமும் உடையது. இதற்கு இரு முகங்கள் உண்டு. கோலால் அடிபடுவது மேல்முகம். அதனினும் மெல்லியது கீழ்முகம். கீழ்முகத்தைத் தொட்டவாறு சுருண்ட கம்பிகள் பல கட்டப்பட்டிருக்கும். மேல்முகம் அடிபட்டவுடன் உள்ளிருக்கும் காற்று கீழ்முகத்தைத் தள்ள, கம்பிகள் அதிர்ந்து “சர்” என்னும் ஓசையை எழுப்புகின்றன. அவ்வோசையே இம்முரசின் உயிர். கம்பிகளை மிக இறுக்கினால் ஓசை நெரிந்துபோம். மிகத் தளர்த்தினால் சலசலப்பே மிஞ்சும். சுருதி கூடாத முரசை எந்த யந்திரமும் பின்னர்ச் சீராக்க இயலாது.

இரண்டாவது, காலநிலை. ஏலமலைச் சரிவுகளில் மழையும் மூடுபனியும் மிகுந்த நாட்களில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஈரத்தை உறிஞ்சித் தளர்கின்றன. பறை முழக்குவோர் கருவியைத் தீயிற் காய்ச்சுவது இதன் பொருட்டே. 1950-களின் பிற்பகுதி முதல் பரவிய பிளாஸ்டிக் முகங்கள் ஈரத்திற்கு அத்துணை இளகுவதில்லை. எனினும் பதியத் தொடங்குமுன் திருகாணிதோறும் தட்டிப் பார்த்து, ஒலி ஒத்திருக்கின்றதா என ஆராய்தல் நன்று.

மூன்றாவது, அறை. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். முரசுக்கும் சுவருக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி இருப்பின், சுவரில் மோதிய ஒலி நொடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்கிற்குள் மீண்டுவிடும். செவி அதனைத் தனி எதிரொலியாக உணராது. ஆயினும் அது முதல் ஒலியோடு கலந்து, தகரப் பெட்டிக்குள் தட்டினாற்போன்ற குறையை விளைக்கும். இதற்கு மருந்து நம் ஊரிலேயே உளது. போடியின் பெயர் பெற்ற இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரினின்று அரையடி விலக்கி, முரசைச் சூழ நிறுத்தினால், கூரிய எதிரொலிகள் பெரிதும் அடங்கும். ஆனால் ஒன்று: மெத்தை அறைக்குள் ஒலியைச் செம்மைப்படுத்துமேயன்றி, வெளியே செல்லாது தடுக்காது. ஆகவே அண்டை வீட்டாரின் உறக்கத்திற்கும் மாணாக்கரின் படிப்பிற்கும் இடையூறு நேராத வேளையைத் தேர்ந்துகொள்வது நம் கடமையாகும்.

நான்காவது, ஒலிவாங்கி. பேரொலியைத் தாங்கும் டைனமிக் வகை மைக் இதற்கு ஏற்றது. 1965 முதல் விற்பனையிலுள்ள ஷூர் எஸ்எம்57 பலரும் கையாளுவது. அதனை விளிம்புக்குச் சற்று உள்ளே, தோலுக்கு ஓரிரு அங்குலம் மேலே, நடுவை நோக்கிச் சாய்த்து வைக்க. கம்பியோசை மிகுதியும் வேண்டுமாயின் கீழ்முகத்தருகே மற்றொன்றை வைக்கலாம். அடிபட்ட கணத்தில் மேல்முகம் மேல்மைக்கை விட்டு விலகுகின்றது; கீழ்முகமோ கீழ்மைக்கை நோக்கி நகர்கின்றது. இவ்விரண்டும் எதிரெதிர் அலைகளாதலின், அப்படியே கலந்தால் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலியும். கீழ்மைக்கின் அலையைக் கணினியில் தலைகீழாகத் திருப்பிவிட்டால் இக்குறை நீங்கும். மிக உரத்த அடியும் உச்ச எல்லைக்கு ஆறு முதல் பத்து டெசிபல் கீழே நிற்குமாறு அளவைக் குறைத்து வைத்தல் வேண்டும். எல்லை கடந்து சிதைந்த ஒலியை மீட்பது அரிது.

இனிக் கலவை. முரசின் கனம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெட்டியோசை 400 முதல் 800 வரையிலும், கோலின் கூர்மை 5,000-ஐ ஒட்டியும் அமையும். கூட்டுமுன் குறைத்துப் பார்த்தலே நல்லோர் வழக்கம். கம்பிரசர் என்னும் கருவி உரத்த ஒலியை அடக்கி, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. அது உடனே பாயுமாறு அமைத்தால் அடியின் முனை மழுங்கும்; நொடியில் ஆயிரத்தில் பத்துப் பங்களவு தாமதித்துச் செயற்படுமாறு அமைத்தால் முனை தப்பிப் பிழைக்கும்.

இத்துணை முயற்சி எதற்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் முரசொலிகளைக் கணினியிற் கோத்துக்கொள்ளலாமே எனச் சிலர் வினவுவர். அவை பழுதற்றவையே. ஆயினும் ஒரு கை அடித்த இரண்டு அடிகள் ஒருபோதும் ஒன்றாயிரா. அவ்வேறுபாட்டிலேயே வாசிப்பவனின் மனம் வெளிப்படுகின்றது. இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக நாட்டுப்புற இசையின் மணத்தைத் தமிழகமெங்கும் பரப்பினார். நம் சிற்றூர்களில் பறையும் உறுமியும் முழக்கும் முதியோர் பலர் ஏட்டில் எழுதப்படாத அடவுகளைக் கையிலேயே கொண்டுள்ளனர். அவர் கை ஓய்ந்தால் அவையும் ஓயும். ஸ்நேர் டிரம்மிற் பயின்ற இம்முறை, சிறு மாறுதல்களோடு அக்கருவிகட்கும் பொருந்தும். ஆதலின் நம் மாணவ நண்பர்கள் அன்னாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்து, பெயரையும் நாளையும் குறித்து, அம்முழக்கங்களைப் பதிந்து வைப்பாராக. ஒரு மைக்கும் நான்கு மெத்தைகளும் கொண்டு செய்யத்தக்க இத்தொண்டு, பின்வரும் தலைமுறைக்குப் பெருஞ்செல்வமாகும்.