பச்சோந்தி ஏன் பட்டினி கிடந்தது?

நம் சங்க இதழில் நான் எழுதினால் எஞ்சினைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. புசாவல் மின்சார லோகோ ஷெட்டில் பல ஆண்டுகள் உழைத்தவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் இம்முறை பேரன் வீட்டுப் பச்சோந்தியைப் பற்றி எழுதுகிறேன். அது சாப்பிடாமல் அடம் பிடித்த கதையில் எல்லோருக்கும் பயன்படும் விஷயம் இருக்கிறது. என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கோடை விடுமுறைக்கு நானும் என் மனைவியும் புனேயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துப் போய், "தாத்தா, இவன்தான் ரங்கா" என்று ஒரு கூண்டைக் காட்டினான். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் பெயராக்கும் என்று பாட்டிக்கு மகிழ்ச்சி. "இல்லை பாட்டி, ஹிந்தியில் ரங் என்றால் நிறம்" என்றான் அவன்!

தலையில் கொண்டை வைத்த இந்த இனத்தை வெயில்ட் கமீலியன் என்கிறார்கள். ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. நம் ஊர் வேலியில் பார்க்கும் பச்சோந்தி வேறு இனம். ரங்காவைப் பிறந்தநாள் பரிசாக முறையான காகிதங்களோடு வாங்கியிருந்தார்கள்.

நாங்கள் போன மூன்றாம் நாளிலிருந்து ரங்கா புழுவைத் தொடவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. பச்சை நிறம் மங்கிக் கருத்தது. பேரன் புழுவை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கெஞ்சினான். "நான் அடிக்கடி கையில் எடுத்ததால்தான் கோபமா, தாத்தா?" என்று இரவில் அழுதான். நான் பெரிய மனிதத் தோரணையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது போதாதென்று, மகன் வாயைத் திறக்க, நான் புழுவைத் திணிக்க முயன்றேன். அது சீறிக் கரியாய்க் கருத்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஊர்வன இனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வாயைப் பார்த்தார், எச்சத்தைச் சோதித்தார், நோயோ குடற்புழுவோ இல்லை என்றார். பலவந்தமாக ஊட்டியதற்கு எங்களைக் கடிந்துகொண்டார். தாடை முறியலாம், உணவு மூச்சுக்குழலில் போகலாம், பயந்த பிராணி இன்னும் பல நாள் சாப்பிடாது என்று விளக்கினார். "உணவை விடுங்கள், முதலில் கூண்டைப் பாருங்கள்" என்றார். அப்போதுதான் எனக்குப் பழைய தொழில் நினைவுக்கு வந்தது.

ஷெட்டில் ஓர் எஞ்சின் திடீரென்று நின்றால், எல்லாவற்றையும் கழற்றிப் போட மாட்டோம். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. இடையில் என்ன மாறியது? யார் கைவைத்தது?" என்றுதான் முதலில் கேட்போம். பேரனை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ரங்கா நன்றாகத் தின்ற நாட்களில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதினோம்.

விடை வந்தது. வந்த அன்றே, "மே மாதத்தில் இதற்கு எதற்கப்பா விளக்கு? மின்சாரம் வீண். சன்னல் பக்கம் வை, வெளிச்சம் வருகிறதே" என்று கூண்டின் மேலிருந்த இரண்டு விளக்குகளையும் அணைத்தவன் நான்! கூண்டைச் சன்னல் கண்ணாடிக்கு அருகே நகர்த்தியவனும் நான். எங்களுக்காக அந்த அறையில் ஏ.சி. வேறு இரவும் பகலும் ஓடியது. பேரனைக் கூப்பிட்டு, "தப்பு உன்னுடையது இல்லை, தாத்தாவுடையது" என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, இதை முன்பே யோசித்திருக்கலாமே என்று இருந்தது.

இனி காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது வெப்பம். நமக்கு உடல் சூடு உள்ளேயிருந்து வருகிறது. பச்சோந்திக்கு வெளியிலிருந்து வரவேண்டும். உடல் சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது. செரிக்காததால் பசியும் வராது. இந்த இனத்துக்கு விளக்கின் கீழ் உள்ள கிளையில் 30 டிகிரி அளவில் சூடு வேண்டும். கூண்டின் மற்றப் பகுதி 22 முதல் 27 வரை இருக்கலாம். சூடு வேண்டும்போது மேலே வரும், போதுமானால் கீழே இறங்கும். நான் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது உச்சிக் கிளையிலேயே 23தான் இருந்தது.

இரண்டாவது ஒளி. அணைத்த இரண்டாவது விளக்கு புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி, சுண்ணாம்புச் சத்து உடலில் சேரும். அது குறைந்தால் எலும்பு வளையும். நாக்கை வீசும் வலுவும் போகும். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடுமே தவிர, இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை நம்பி நான் ஏமாந்தேன். இந்தக் குழல் எரிந்துகொண்டிருந்தாலும் நாளடைவில் கதிர் குறைந்துவிடும். எனவே தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் குடிக்காது. இலைமேல் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். என் பித்தளைக் கிண்ணம் வெறும் அலங்காரம். கண் குழிவது, எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறுவது தாகத்தின் அறிகுறிகள். காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்தோம். மெல்லச் சொட்டும் ஏற்பாடு ஒன்றும் செய்தோம்.

நான்காவது பயம். மரத்தில் வாழும் பிராணிக்கு ஆபத்து மேலிருந்து வரும். கூண்டு தாழ்வாக இருந்தால் நாம் ஒவ்வொருவரும் அதற்குப் பருந்துதான். சன்னல் கண்ணாடியில் தன் பிம்பத்தைக் கண்டாலும் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதாக மிரளும். கூண்டை உள்சுவர் ஓரமாக உயரத்தில் வைத்து, ஒளிந்துகொள்ள இலைகளை நிறைத்தோம். நிறம் மாறுவதைக்கூட நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அது ஏமாற்றுவதற்கு அல்ல. பெரும்பாலும் பயம், கோபம், குளிர் இவற்றைக் காட்டும் சிக்னல். தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்டார்கள். அந்தச் சிக்னலைப் படிக்கத் தெரியாதது நம் குறை.

ஐந்தாவதுதான் உணவு. கடைக்காரர் கொடுத்த ஒரே மஞ்சள் புழுதான் தினமும். "உனக்குத் தினம் உப்புமா போட்டால் தின்பாயா?" என்று பேரனைப் பாட்டி கேட்டாள். நியாயமான கேள்வி! சுவர்க்கோழி, வெட்டுக்கிளி என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். அசையும் இரையைத்தான் அது இரையாக மதிக்கும். பூச்சியின் அளவு பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பூச்சிகளுக்கு முதல் நாளே கேரட்டும் கீரையும் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிவிட வேண்டும். மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி கூடாது, மின்மினி நஞ்சு. தின்னாத சுவர்க்கோழிகளை இரவில் கூண்டில் விட்டால் அவை தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

விளக்கைப் போட்டு ஏ.சி.யை நிறுத்திய அன்று ரங்கா உச்சிக் கிளைக்கு ஏறியது. மறுநாள் இலையில் தண்ணீர் குடித்தது. நான்காம் நாள் காலை, நாங்கள் மூவரும் கதவோரம் மறைந்து பார்க்க, ஒரு வெட்டுக்கிளியை நோக்கி இரு கண்ணையும் திருப்பியது. 'சட்'டென்று நாக்கு போய் வந்தது. பேரன் சத்தம் போடாமல் என் கையைப் பிடித்துக் குதித்தான்.

எல்லாப் பட்டினியும் இப்படிக் கூண்டால் வருவதல்ல. தோல் உரியும்போது ஓரிரு நாள் சாப்பிடாது. வளர்ந்த பிராணி தினமும் தின்னாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பெண் பச்சோந்தி ஆண் இல்லாமலே முட்டை வைக்கும். அப்போது இரையை மறுத்துத் தரையைத் தோண்டும். ஈர மணல் தொட்டி வைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்து. பகலில் கண்மூடிக் கிடந்தாலோ, வாய் வீங்கினாலோ, நாக்கு எட்டாமல் விழுந்தாலோ, கால் வளைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது நல்லது. வாய்ச்சாட்சியைவிடத் தராசு நம்பகமானது.

கடைசியாகப் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் வேலியில் இருக்கும் நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்துவர ஆசைப்படுவார்கள். அனுமதிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்தி வைத்திருப்போரும், 2022இல் அந்தச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் ஏற்பப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று காட்டில் விட்டுவிடவும் கூடாது.

என்னைக் கேட்டால், வாங்காமல் இருப்பதே உத்தமம். வாங்கிவிட்டால், அந்தப் பிராணி வாயால் சொல்லாததை வெப்பமானி, தராசு, நோட்டுப் புத்தகம் இவற்றால் கேட்டறிய வேண்டும். பேரன் இன்றும் அந்த நோட்டை எழுதிவருகிறான். முதல் பக்கத்தில் அவன் எழுதியிருப்பது: "விளக்கை யாரும் அணைக்கக் கூடாது. தாத்தா உட்பட."