உங்களுக்குத் தெரியுமா? சில்லை எண்ணும் சிறு மீற்றர்

★ தூரத்தைக் கட்டையில் சொல்லும் பழக்கம் மட்டக்களப்பில் இன்னும் போகவில்லை. “இன்னும் மூன்று கட்டைதான்” என்று பெரியவர் ஒருவர் வழி சொன்னால் அது மூன்று மைல். வீதியோரம் நட்டிருந்த மைல் கட்டையின் பெயரே அளவுக்கும் பெயராகிவிட்டது. ஒரு கட்டை 1.609 கிலோமீற்றர். சைக்கிளில் பூட்டும் மீற்றர்கள் அநேகமாக மைல், கிலோமீற்றர் இரண்டிலும் காட்டக்கூடியவை. உங்கள் மீற்றர் மைலில் இருந்தால், மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு 10 என்றுதான் காட்டும். “இவ்வளவு மெதுவாகவா மிதிக்கிறேன்” என்று சோர்ந்துபோகாமல் முதலில் அதைச் சரிபாருங்கள்.

★ இந்த மீற்றருக்குத் தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டுமே. முன்சில்லின் கம்பி ஒன்றில் சின்னக் காந்தம், அதற்கு நேரே முன்கவையில் ஓர் உணரி. உணரிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதனுள் ஒன்றையொன்று தொடாத இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் கிட்ட வந்ததும் தகடுகள் ஒட்டும், விலகியதும் பிரியும். ஒருமுறை ஒட்டிப் பிரிந்தால் சில்லு ஒரு சுற்று முடித்தது என்று கணக்கு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வால்ட்டர் எல்வுட் 1936இல் உருவாக்கிய ஆளி இது. தொலைபேசி நிலையங்களில் வேலை செய்த அந்த நுட்பம்தான் இன்று நம் சைக்கிளின் முன்கவையில் இருக்கிறது. ஏறக்குறைய 290 மீற்றர் நீளமான கல்லடிப் பாலத்தை ஒரு சாதாரண சைக்கிள் கடந்து முடிக்கையில் அது 140 தடவை ஒட்டிப் பிரிந்திருக்கும்.

★ மின்சாரமே இல்லாத மீற்றரும் இருந்தது. அமெரிக்கரான கேர்ட்டிஸ் வீடர் 1895இல் காப்புரிமை பெற்ற தூரமானியில், சில்லுக் கம்பியில் பூட்டிய சிறு முளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பற்சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போகும். பழைய கல்லடிப் பாலம் திறந்த 1924ஆம் ஆண்டுக்கு முன்பே சைக்கிளில் தூரம் எண்ணும் கருவி உலகத்தில் வந்துவிட்டது.

★ வாங்குவதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. சில்லின் சுற்றளவை மில்லிமீற்றரில் மீற்றருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிறகு “மலிவுச் சாமான், பொய் சொல்கிறது” என்பார்கள். பொய் மீற்றரில் இல்லை. 26 x 1⅜ ரயருக்குச் சுற்றளவு 2068. ஓட்டச் சைக்கிள்களின் ஒடுங்கிய 700 x 23 ரயருக்கு 2096. மலைச் சைக்கிளின் 26 x 1.95 ரயருக்கு 2050. அப்பா காலத்துப் பெரிய 28 x 1½ சில்லு 2240ஐ அண்மிக்கும். அந்தப் பெரிய சைக்கிளில் 2096 என்ற அளவு பதிந்த மீற்றரைப் பூட்டி 10 கிலோமீற்றர் ஓடினால் 9.36 என்று காட்டும்.

இத்தகைய அட்டவணை எண்களை நம்புவதைவிட நீங்களே அளப்பது நல்லது. ரயருக்கு நன்றாகக் காற்றடியுங்கள். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். காற்றடிக்கும் வால்வு சரியாகக் கீழே, கோட்டுக்கு நேரே நிற்கட்டும். நீங்கள் சைக்கிளில் ஏறி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வால்வு மூன்று தரம் கீழே வரும்வரை நேர்கோட்டில் உருட்டுங்கள். அந்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையிலான தூரத்தை மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எண். ஆள் ஏறாமல் அளந்தால் சரிவராது. பாரத்தில் ரயர் சற்று அமுங்கும்.

★ ஒரு சென்ரிமீற்றர் பிழை பெரிதா? மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் ஓட ஒரு சில்லு சுமார் 27,000 தடவை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சென்ரிமீற்றர் பிசகினால் முடிவில் 270 மீற்றர். ஏறக்குறைய ஒரு கல்லடிப் பாலமே கணக்கில் காணாமல் போகும்.

★ காந்தத்தைக் கம்பியில் மேலே பூட்டினாலும் கீழே பூட்டினாலும் எண்ணிக்கை மாறாது. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் அது உணரியைக் கடக்கும். அது உணரிக்கு நேரே வந்தால், பிறகு கவனிக்க வேண்டியது இடைவெளி மட்டுமே: காந்தத்துக்கும் உணரிக்கும் நடுவே 5 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

★ இனி நம் ஊருக்கே உரிய ஒரு புதிர். எழுவான்கரையில் குருமண்வெளியில் நின்று பாதையில் சைக்கிளை ஏற்றி, வாவியைக் கடந்து, படுவான்கரையில் மண்டூர் முருகனிடம் போகிறீர்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: எழுவான்கரை வாவியின் கிழக்குக் கரை, படுவான்கரை மேற்குக் கரை; இங்கே பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவை.) அந்த நீர்வழி உங்கள் மீற்றரில் எவ்வளவு ஏறியிருக்கும்? ஒன்றுமே ஏறியிருக்காது. சில்லு சுற்றவில்லை, ஆகவே கணக்கும் இல்லை. ஆனால் சட்டைப்பையில் கைத்தொலைபேசிச் செயலியை ஓடவிட்டிருந்தால் வாவியின் மேல் போன தூரத்தையும் நீங்கள் மிதித்ததாகவே அது சேர்த்துவிடும். அது செய்மதியைப் பார்த்து இடம் குறிக்கிறது. காலா, படகா என்று அதற்குத் தெரியாது. ஒரே பயணத்துக்கு இரண்டு பேர் இரண்டு தூரம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை இதே கதைதான். பாதை ஓடிய இடத்தில் பாலம் வந்தபின் வாவிக்கு மேலேயும் சில்லு சுற்றுகிறது, மீற்றரும் எண்ணுகிறது.

★ சோழகக் காற்றை எதிர்த்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும். போகும்போது எதிர்க்காற்றில் மணிக்கு 10 கிலோமீற்றர், திரும்பும்போது காற்று முதுகில் தள்ள 20. சராசரி 15 என்று வாய் சொல்லும். மீற்றர் 13.3 என்று காட்டும். மீற்றர் சொல்வதே சரி. 20 கிலோமீற்றர் போக இரண்டு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். 40ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

★ வயர் உள்ளதா, இல்லாததா? நான் வயர் பக்கம். வயர் இல்லாதது பார்வைக்கு அழகுதான். ஆனால் அதற்குப் பற்றரி இரண்டு வேண்டும்: திரைக்கு ஒன்று, உணரிக்கு ஒன்று. உணரிக்கும் திரைக்கும் இடையே தூரம் அநேகமாக 70 சென்ரிமீற்றருக்குள் இருந்தாக வேண்டும். நான் முதலில் வாங்கியது வயர் இல்லாததுதான். இரவில் முன்விளக்கைப் போட்டதும் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கியது. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவதாகக் காட்டியது. மலிவான எல்.இ.டி. விளக்கு எழுப்பும் மின்னிரைச்சல் சமிக்ஞையைக் குழப்பும் என்பது பிறகுதான் விளங்கியது. விளக்கைச் சற்றுத் தள்ளிப் பூட்டியதும் சரியாயிற்று. வயர் உள்ளதில் இந்தத் தொல்லையே இல்லை. வயரை பிரேக் கேபிளோடு சுற்றிக் கொண்டுவருவார்கள். கம்பிப் பிரேக் உள்ள பழைய சைக்கிளில் சுற்றுவதற்குக் கேபிள் இருக்காது. முன்கவையோடு ஒட்டி நாடாவால் கட்டினால் போதும். ஹாண்டிலை முழுதாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

★ பற்றரியின் மேல் இருக்கும் சி.ஆர். 2032 என்ற எண்ணில் அதன் உடலளவே எழுதியிருக்கிறது: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். 2025 என்றால் தடிப்பு 2.5. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் தளர்ந்து ஆடும், அல்லது மூடி மூடாது. வாங்கும்போதே எந்தப் பற்றரி என்று கேளுங்கள். 2032 பல கடைகளில் கிடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கழற்றிய பழைய பற்றரியை மேசையில் விடாதீர்கள். விழுங்கிய வில்லைப் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான்.

★ கரையோர உப்புக்காற்றில் சைக்கிளின் ஆணியே துருவேறும்போது மீற்றரின் தொடுமுனை தப்புமா? திரையைத் தாங்கியிலிருந்து கழற்றி இரண்டின் முனைகளையும் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பற்றரி மூடியின் இறப்பர் வளையம் ஒழுங்காக இருந்தால் மாரி மழைக்கும் தாங்கும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணித்தியாலம்.

★ ஏற்றம், சரிவு, உயரம் காட்டும் மீற்றருக்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். கல்லாற்றிலிருந்து ஏறாவூர்வரை மிதித்தாலும் ஏறும் மேடு பாலங்கள்தான்.

★ கலோரிக் கணக்கையும் நம்ப வேண்டாம். மலிவு மீற்றர்களில் அது வேகத்தை மட்டும் வைத்துப் போடும் ஊகம். எதிர்க்காற்றில் மூச்சுவாங்க 10இல் மிதித்தவருக்குக் குறைவாகவும், பின்காற்றில் சும்மா போனவருக்குக் கூடுதலாகவும் காட்டும்.

★ “கைத்தொலைபேசியே இருக்கிறதே” என்பவர்களுக்கு: இருக்கிறது, திறந்த வெளியில் சில மீற்றருக்குள் இடமும் சொல்லும். ஆனால் வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய கருவியை வேகம் பார்க்கச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வயர் மீற்றர் ஒரு வில்லைப் பற்றரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

★ 2022இல் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது, மூலையில் கிடந்த எத்தனையோ சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. அன்று தொடங்கி இன்றும் மிதிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: இன்று எவ்வளவு ஓடினேன், இதுவரை மொத்தம் எவ்வளவு? ஜப்பானின் கெட்ஐ நிறுவனத்து வேலோ 7 போன்ற எளிய வயர் மீற்றர் இதற்குத் தாராளம். பெயரில் உள்ள ஏழு அதன் ஏழு வேலைகளைக் குறிக்கிறது: வேகம், சராசரி, உச்சவேகம், பயணத் தூரம், மொத்தத் தூரம், ஓடிய நேரம், மணி. சீனாவிலிருந்து வரும் சன்டிங் வகை இன்னும் மலிவு. பூட்டும் தாங்கியும் வயரும் உறுதியாக இருக்கின்றனவா என்று மட்டும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். எண்கள் பெரிதாக இருக்கட்டும். வெயிலில் பிடித்துப் பாருங்கள்; கடைக்குள் தெரிகிற திரை கடற்கரை வீதியில் தெரியாமல் போகலாம்.

★ பற்றரியைக் கழற்றினால் பல மலிவு மீற்றர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும்: இதுவரை ஓடிய மொத்தத் தூரம், நீங்கள் வெண்கட்டி பிடித்து அளந்த சுற்றளவு, எல்லாம். ஆகவே பற்றரி மாற்றுவதற்கு முன் மொத்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றளவு எண்ணை இன்றே ஒரு துண்டில் எழுதி, சீற்றுக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.