ஃபைனல், ஃபைனல்-2, நிஜ ஃபைனல்!

கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கு வைத்திருக்கும் எல்லார் ஃபோல்டரிலும் இந்த மூன்று பேரும் குடியிருக்கிறார்கள். ‘பாலன்ஸ் ஷீட் ஃபைனல்’, ‘பாலன்ஸ் ஷீட் ஃபைனல்-2’, ‘பாலன்ஸ் ஷீட் நிஜ ஃபைனல்’. இதில் எது கடைசி என்று கேட்டால் வைத்தவரே தலையைச் சொறிவார். பக்கத்து சீட்காரர் சாமர்த்தியமாக, "தேதியைப் பார்த்தாப் போச்சு!" என்பார்.

பார்க்கலாம்தான். அது எந்தத் தேதி என்று தெரிந்துகொண்டு பார்ப்பது உத்தமம்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தைக் குறித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு கடைசியாக எழுதப்பட்ட நேரம். ‘மாடிஃபிகேஷன் டைம்’, செல்லமாக எம்டைம். பைத்தான் மாதிரி ஸ்கிரிப்ட் மொழிகளில் இதைக் கேட்டு வாங்குவது இட்லிக்குச் சட்னி கேட்கிற மாதிரி. ‘ஓஎஸ் டாட் பாத் டாட் கெட்எம்டைம்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஃபைல் பெயரைப் போட்டால் பதில் ரெடி.

பதில்தான் விசித்திரம். தேதி வராது. 1700000000 என்கிற மாதிரி ஒரு எண் வரும், வாலில் கொஞ்சம் தசமத்தோடு. என் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு ஏதோ கம்பெனியின் டர்ன்ஓவர் போலத் தெரியும். நிஜத்தில் அவை விநாடிகள்! 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் (நமக்குக் காலை ஐந்தரை) யூனிக்ஸ்காரர்கள் போட்ட பிள்ளையார் சுழியிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிற கணக்கு. 170 கோடியாவது விநாடி 2023 நவம்பர் 15 விடிகாலை 3 மணி 43 நிமிஷம் 20 விநாடிக்கு நம்மைத் தாண்டிப் போனது. நாம் குறட்டையில் இருந்தோம். இந்த எண்ணை ‘ஃப்ரம்டைம்ஸ்டாம்ப்’பிடம் கொடுத்தால் நாள், மாதம், வருஷமாக மாற்றித் தந்துவிடும்.

இந்தச் சின்னக் குறிப்பை நம்பி ஒரு பெரிய வேலையே நடக்கிறது. 1976ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்ஸன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தன் புரோகிராமில் தப்பு தேடினார். தப்பு எப்போதோ திருத்தியாகிவிட்டது. திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணத்தான் விட்டுப்போயிருந்தது! அவர் போய்ப் புலம்பியது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம். ஃபெல்ட்மன் ‘மேக்’ என்று ஒரு கருவியை எழுதினார். அது செய்வது ஒன்றுதான். மூல ஃபைலின் எம்டைம் புதுசா, அதிலிருந்து தயாரான ஃபைலின் எம்டைம் புதுசா? மூலம் புதுசு என்றால் மறுபடி தயார் செய். இல்லையா, சும்மா இரு. இதற்கு 2003ல் ஏ.சி.எம். அமைப்பின் விருது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, நம்ம ஃபோல்டருக்கு வருவோம். யாரும் சூது செய்யாமலேயே இந்தத் தேதி காலை வாரும். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி அடித்தால் மாடிஃபைடு தேதி பழசாகவே இருக்கும். ‘கிரியேட்டட்’ மட்டும் இன்றைக்கு மாறும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட குழந்தை! லினக்ஸில் ‘சிபி’ என்று சாதாரணமாகக் காப்பி அடித்தால் எம்டைமே இப்போதைய நேரமாகிவிடும். மெயிலிலிருந்து இறக்கிய ஃபைலுக்குப் பெரும்பாலும் இறக்கிய நேரம்தான்.

பென் டிரைவ் இன்னொரு தமாஷ். பல பென் டிரைவ்களில் இருக்கும் பழைய ஃபாட் முறையில் நேரத்துக்கு ஒதுக்கியது மொத்தம் 16 பிட். மணிக்கு 5, நிமிஷத்துக்கு 6. மிச்சம் 5. ஐந்து பிட்டில் 32 எண்தான் அடங்கும், விநாடியோ 60. என்ன செய்வது? இரண்டிரண்டாக எண்ணு என்று விட்டுவிட்டார்கள். அதனால் அதே ஃபைல் பென் டிரைவுக்குப் போனதும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ‘எது புதுசு’ என்று துல்லியமாகக் கேட்கும் ஸ்கிரிப்ட் ஏமாந்துபோகும். விண்டோஸின் ரோபோகாப்பியில் இதற்கென்றே ‘எஃப்எஃப்டி’ என்று ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

சூது செய்தால்? அதையும் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த ஆடிட்டரின் ஆபீஸ். அண்ணன் தம்பி இரண்டு பேரும் எதிரெதிரே. அப்பா நடத்திய இரும்புக்கடை, மூன்று பேர் பார்ட்னர்ஷிப். அப்பா காலமாகி எட்டு மாதம். முதல் யார் பேரில் எவ்வளவு என்கிற எக்ஸெல் ஷீட்தான் தகராறு. "அப்பா போனப்புறம் அண்ணன் நம்பரை மாத்திட்டார் சார்" என்கிறார் தம்பி. அண்ணன் முகம் சிவந்து, "தேதியப் பாருங்க சார். அப்பா இருக்கறப்பவே எழுதினது. அதுக்கப்புறம் நான் தொடவே இல்லை" என்கிறார். தேதி அவர் பக்கம்தான் பேசியது.

தம்பி மகன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஷீட்டை ஒரு காப்பி எடுத்துக்கொண்டான். லேப்டாப்பில் ‘ஓஎஸ் டாட் யூடைம்’ என்று ஒரே வரி தட்டினான்.

"இப்பப் பாருங்க பெரியப்பா, இந்தக் கணக்கு 1985ல எழுதினது!"

பார்த்தோம். 1985 என்றுதான் இருந்தது. எக்ஸெல்லின் அந்த ஃபைல் வகையே 2007ல்தான் வந்தது.

அண்ணன் பேசவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. தம்பி ஜெயித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடிட்டர் மட்டும் நிதானமாக, "தேதியை மாத்த முடியும்னு காட்டினே, சரி. உங்க பெரியப்பா மாத்தினார்னு இதுல எங்கப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மெயிலைத் துழாவினார். அகப்பட்டது. அப்பா உயிரோடிருந்தபோது கடையிலிருந்து ஆடிட்டருக்கு வந்த அதே ஷீட்.

இரண்டு ஃபைலுக்கும் ஹேஷ் எடுக்கச் சொன்னார். ஃபைலின் உள்ளே இருப்பதை மொத்தமாக அரைத்துச் சுருக்கி ஒரு கைரேகை மாதிரி தருகிற கணக்கு அது. ஒரு கமா மாறினாலும் ரேகை வேறாகிவிடும். பைத்தானில் ‘ஹேஷ்லிப்’. பையனே எடுத்தான். 64 எழுத்து. இரண்டும் ஒன்றே. அண்ணன் தொட்டிருக்கவில்லை.

"ஸாரி பெரியப்பா" என்றான் பையன். தம்பி சொல்லவில்லை.

சட்டமும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய சாட்சிய சட்டத்தில், 63வது பிரிவின்படி எலெக்ட்ரானிக் ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். கம்பெனிகள் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவைத் திருத்தினாலும் தடம் விழுகிற, அந்தத் தடத்தை அணைக்க முடியாத அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரும்புக்கடை கம்பெனி இல்லை, பார்ட்னர்ஷிப். அதற்கு இந்த விதி பொருந்தாது.

அதனால் ஆடிட்டர் பையனையே பிடித்துப் போட்டார். பதினைந்து வரி ஸ்கிரிப்ட். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கடைக் கணக்கு ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயர், எம்டைம், ஹேஷ் மூன்றையும் பட்டியல் போட்டு, அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று என்று மெயிலில் அனுப்பிவிடுகிறது.