ஆயிரம் ரூபாவா, நூற்றுக்கு ஒன்றா? தங்குமிட வீடுகளின் அனுமதிக் கணக்கு

இந்த ஆண்டுக்கான வியாபார அனுமதிப்பத்திரம் டிசெம்பர் 31 உடன் முடிகிறது. வீட்டில் இரண்டு அறையை நாள் வாடகைக்கு விடுகிறவர்களும், பூட்டிக்கிடந்த தாய்வீட்டைத் திறந்து வெள்ளையடித்து ஏயார்பிஎன்பியில் போட்டவர்களும் சில கிழமைகளாக எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் வேறு, எழுத்து வேறு, கேள்வி ஒன்றுதான்: உள்ளூர்ச் சபை தந்த அனுமதி போதுமா, கொழும்பில் சுற்றுலா அதிகார சபையிலும் பதிய வேண்டுமா? பதிந்தால் என்ன நடக்கும்?

படிவம் எது, எந்த யன்னலில் கொடுப்பது என்பதையெல்லாம் சபைக் கந்தோரில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பதிந்த பிறகு உங்கள் கட்டணத்தை அளக்கும் கோலே மாறிவிடும் என்பதை அங்கே யாரும் முன்கூட்டிச் சொல்வதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பங்கு அதற்கே.

வலிகாமத்தில் இருந்து எழுதிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் கடிதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். மூன்று அறைகளை வருவோருக்கு விடுகிறார். போன முறை சபைக்கு 1,000 ரூபா கட்டி அனுமதி எடுத்தார். இடையில் சுற்றுலா அதிகார சபையிலும் பதிந்துகொண்டார், நல்ல பிள்ளையாக. இந்த முறை புதுப்பிக்கப் போனபோது எழுதுவினைஞர் வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கேட்கவில்லை. “போன வருஷ வரும்படி எவ்வளவு ரீச்சர்?” என்றுதான் கேட்டாராம். “என்னை ஏதோ களவு பிடித்தது மாதிரி இருந்தது” என்று எழுதியிருக்கிறார்.

களவு ஒன்றும் இல்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே வீடு, இரண்டு அளவுகோல்

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 149 ஆம் பிரிவு, தங்குமிடத்துக்கான அனுமதிக் கட்டணத்தை வீட்டின் ஆண்டுப் பெறுமதியோடு கட்டிவைத்திருக்கிறது. சோலைவரிக்காகச் சபை குறித்து வைத்திருக்கும் அதே பெறுமதிதான். அது 750 ரூபா வரை என்றால் கட்டணம் உச்சமாக 500 ரூபா. 1,500 வரை என்றால் 750 ரூபா. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 1,000 ரூபா. மாநகர எல்லைக்குள் இதே ஏணியின் படிகள் 2,000, 3,000, 5,000 ரூபா.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஹோட்டலோ உணவகமோ தங்குமிடமோ சுற்றுலாச் சபையில் பதியப்பட்டிருந்தால், அல்லது அதன் அங்கீகாரம் பெற்றிருந்தால், இந்த ஏணி அதற்குப் பொருந்தாது. முந்திய ஆண்டின் வரும்படியில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாத தொகையே அதன் அனுமதிக் கட்டணம். ஆண்டுதோறும் சபைகள் வர்த்தமானியில் போடும் தீர்மானங்களைப் புரட்டினால் இந்த வாசகம் மாறாமல் இருக்கும். 1966 இல் உருவான பழைய சுற்றுலாச் சபையின் இடத்தை 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் அமைத்த அதிகார சபை எடுத்துக்கொண்டது. பல தீர்மானங்களில் பழைய சபையின் பெயர் இன்னும் அப்படியே நிற்கிறது.

கணக்காகப் பார்ப்போம். மூன்று அறை, அறைக்கு ஓர் இரவு 8,000 ரூபா, வருடத்தில் 120 இரவுகள் நிறைந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும்படி 28 இலட்சத்து 80 ஆயிரம். பதியாத வீடு பிரதேச சபைக்குக் கட்டுவது 1,000 ரூபா. பதிந்த வீடு கட்டக்கூடியது 28,800 ரூபா வரை. இதற்கு மேல் 2003 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நிதிச் சட்டம் விதித்த சுற்றுலா அபிவிருத்தி அறவீடு, அதுவும் மொத்தப் புரள்வில் நூற்றுக்கு ஒன்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகும். அதுவும் பதிந்த நிறுவனங்களுக்குத்தான். இரண்டையும் கூட்டினால் 57,600 ரூபா. பக்கத்து வளவில் அதே மூன்று அறையை அதே விலைக்கு விட்டு, கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் கட்டுவது 1,000 ரூபா. அவர் அந்தச் சபை அனுமதியையும் எடுக்கவில்லை என்றால் அதுவும் இல்லை.

வரும்படி என்ற சொல்லையும் கவனியுங்கள். அது இலாபம் இல்லை. இணையத்தளம் வெட்டிக்கொள்ளும் கொமிஷன், படுக்கைவிரிப்புத் துவைத்த கூலி, மின்வெட்டு நாளில் ஜெனரேற்றருக்கு ஊற்றிய டீசல் எதையும் கழிக்க முதல் உள்ள தொகை. நட்டத்தில் ஓடிய வீட்டுக்கும் நூற்றுக்கு ஒன்று நூற்றுக்கு ஒன்றுதான்.

‘முந்திய ஆண்டு’ என்பதிலும் ஒரு முள் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அறைகள் வெறுமையாகின. அடுத்த ஆண்டு கொவிட் வந்து நாட்டையே பூட்டியது. இந்த விதிப்படி, ஆள் வராத ஆண்டின் அனுமதிக் கட்டணம் ஆள் வந்த ஆண்டின் வரும்படியில் அளக்கப்படும். நல்ல விளைச்சலுக்கு வரும் பற்றுச்சீட்டை வரட்சியில் கட்டுவது எப்படி என்று தோட்டக்காரரைக் கேட்டால் தெரியும்.

அதிகாரிகள் சொல்வதும் சொல்லாததும்

பதிவு என்றால் தரத்துக்கான அத்தாட்சி என்கிறது சுற்றுலா அதிகார சபை. பாதி உண்மை. பதிவு கேட்கும் ஆவணங்கள் ஒரு வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடைமுறையில் பதிவு என்பது உங்கள் வரும்படி அரசின் கண்ணில் படுகிறது என்பதற்கான முத்திரை. முன்வந்தவரின் கணக்கு திறக்கப்படுகிறது, ஒளிந்தவரின் கணக்கு திறக்கப்படுவதே இல்லை. பதியாதவர்களைப் பிடிப்போம் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளாகக் காதில் விழுகிறது. பதிந்தவருக்கும் பதியாதவருக்கும் ஒரே கோல் வையுங்கள் என்ற குரல்தான் என் காதில் விழவில்லை.

நூற்றுக்கு ஒன்று அநியாயம் என்று நான் சொல்லவில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நகரத்தில் சேரும் குப்பையை அள்ளுவது உள்ளூராட்சி மன்றம்தான். பலாலியில் 2019 ஒக்ரோபரில் விமான நிலையம் திறந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2024 செப்ரெம்பரில் சென்னையிலிருந்து இண்டிகோ பறக்கத் தொடங்கியது. வருகிறவர்கள் கூடக்கூட ஒழுங்கைகளும் தெருவிளக்குகளும் தேய்கின்றன. பத்து அறை வைத்து உழைப்பவர் 1,000 ரூபாவோடு போவதும் நியாயம் அல்ல. என் கவலை எல்லாம், நேர்மையாக வந்து கையெழுத்து வைத்தவரைத் தனியே பிடித்து அளக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

இதில் வாசகர் கையில் ஒரு பிடி இருக்கிறது. சட்டம் சொல்வது ‘நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாத’ என்று. ஒன்று என்பது கூரை. அரையோ காலோ வைக்கச் சபைக்கு முழு உரிமை உண்டு. அந்த எண்ணைத் தீர்மானிப்பது கொழும்பு இல்லை, உங்கள் சபை மண்டபத்தில் உட்காரும், நீங்கள் 2025 மே 6 இல் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீடும் கட்டணத் தீர்மானங்களும் நிறைவேறுவது ஆண்டு முடியும் இந்த நாட்களில்தான். யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். பதினேழு இடத்திலும் அந்த எண்ணைக் கைதூக்கித்தான் ஏற்கிறார்கள். ஐந்து அறைக்குக் குறைந்த குடும்ப வீடுகளுக்குக் கால் வீதம் என்று ஒரு சபை தீர்மானித்தால் பதிய வருகிறவர்கள் கூடுவார்கள், சபையின் வருமானமும் குறையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹோம்ஸ்டே என்று பலகை போட்டவர்களுக்கு

இது இரண்டாவது பெரிய குழப்பம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு குடியிருக்கிற வீட்டில் விருந்தினரும் தங்கினால்தான் அது ஹோம்ஸ்டே. நீங்கள் ஸ்காபரோவில், வீடு வட்டுக்கோட்டையில், சாவி ஒன்றுவிட்ட தம்பியிடம் என்றால் அது ஹோம்ஸ்டே இல்லை. வாடகை வீடு அல்லது பங்களா என்ற வகையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசாரித்தவர்களில் பலர் சுற்றுலா என்ற சொல் கலந்த எதற்கும் ஹோம்ஸ்டே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை எழுதக் கொடுக்க முதல் வகையைச் சரிபாருங்கள்.

கிணற்றடியில் நின்று

அனுமதிக்காக வீட்டைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகையைச் சிலர் தொல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே நான் அவர் பக்கம்.

சில நாட்களுக்கு முன் ஒரு வீட்டுக்கு அவரோடு போனேன். அறைகளை எட்டிப் பார்த்ததோடு சரி. நேரே கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக் கட்டில் கை வைத்து உள்ளே பார்த்தார். வீட்டுக்காரரிடம் மலகூடக் குழி எங்கே என்று கேட்டார். வீட்டுக்காரர் வாழைக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார். நாடாவின் ஒரு நுனியை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு மற்ற நுனியோடு நடந்தார். விருந்தினருக்கென்று புதிதாகக் கட்டிய குளியலறையின் குழி பழைய குழியைவிடக் கிணற்றுக்குக் கிட்ட வந்திருந்தது. வீட்டுக்காரருக்கே அது அப்போதுதான் உறைத்தது.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டாலும் கணிசமான வீடுகள் இன்னும் கிணற்றைத்தான் நம்பியிருக்கின்றன. நமக்குக் கீழே இருப்பது துளையும் வெடிப்பும் உள்ள சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது அதிகம் வடிபடாமலே கீழே போய்ச் சேரும். நைத்திரேற்று ஏறிய கிணறுகளைப் பற்றி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நான்கு பேர் இருந்த வீட்டில் பத்துப் பேர் குளித்து, கழுவி, தண்ணி இழுத்தால் பாதிக்கப்படுவது வந்தவர் இல்லை. அவர் மூன்றாம் நாள் போய்விடுவார். பக்கத்து வளவுக் குழந்தை அந்த நீரைத்தான் குடிக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே தூரம் கேட்கும் இந்த விதி ஒன்றைத் தளர்த்தச் சொல்லி யாரும் உறுப்பினரிடம் போகாதீர்கள்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக

*என் வீடு நல்லூரில். பிரதேச சபைக்கா போவது?*
கோவிலைச் சுற்றிய பகுதி மாநகர சபைக்குரியது. சோலைவரி எந்தச் சபைக்குக் கட்டுகிறீர்களோ அங்கே போங்கள்.

*வியாபாரப் பெயர்ப் பதிவு எங்கே?*
பிரதேச செயலகத்தில். சபைக்குப் போக முதல் இதை முடியுங்கள்.

*அறைகள் கூட என்றால்?*
சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படலாம். எண்ணிக்கையைச் சொல்லிச் சபையில் கேளுங்கள்.

*நான் வெளிநாட்டுப் பிரஜை. அம்மாவின் வீட்டை வைத்திருக்கலாமா?*
வாரிசாக வந்த காணிக்கு 2014 ஆம் ஆண்டுச் சட்டம் தடை இல்லை. புதிதாக வாங்குவதற்குத்தான் தடை, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அதுவும் இல்லை.

*உறுதியில் மூன்று சகோதரங்களின் பெயர் இருக்கிறது.*
மற்ற இருவரின் எழுத்துமூலச் சம்மதம் அல்லது அற்றோணித் தத்துவம் எடுத்து வையுங்கள். காசு வரத் தொடங்கிய பிறகு கேட்பது கடினம்.

*தங்குபவர் பெயரை எழுதி வைக்க வேண்டுமா?*
வேண்டும். வீட்டில் தங்கிய ஒவ்வொருவரையும் பதியவைத்த போர்க்கால ஞாபகம் இங்கே பலருக்கு ஆறாமல் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் எழுதி, அந்தப் பதிவேட்டைப் பூட்டி வையுங்கள்.

*வற் வரி?*
ஆண்டுப் புரள்வு கோடிக்கணக்கில் போகாத வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

*வருமான வரி?*
2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. ஓய்வூதியம் தவிர்ந்த மற்ற வருமானங்களையும் கூட்டிப் பாருங்கள்.

*கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர் போகும்போது காசு வைத்துவிட்டுப் போனால்?*
அது உறவு. விலை போட்டு விளம்பரம் செய்தால் வியாபாரம்.

*அப்படியென்றால் பதியலாமா, வேண்டாமா?*
பதியுங்கள். கணக்கைத் தெரிந்துகொண்டு பதியுங்கள்.

*இந்தக் கிழமை செய்ய வேண்டியது என்ன?*
கடிதம் எழுதிய ஆசிரியை ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். திகதி, பெயர், இரவுகள், வாங்கிய காசு, பக்கத்தில் சிவப்பு மையில் செலவு. அப்படி ஒரு கொப்பியோடு உங்கள் வட்டார உறுப்பினரிடம் போய், பாதீட்டு அமர்வு எந்த நாள், நூற்றுக்கு எத்தனை என்று கேளுங்கள். சபை கைதூக்க முதல் கேளுங்கள்.