சாவி கொடுத்தவருக்கும் தண்டனை



நம்ம ஊரில் டி.வி.எஸ். பிப்டி இல்லாத தெருவே கிடையாது. உப்பளத்துக்குப் போக, மூட்டை ஏத்த, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக எல்லாத்துக்கும் அதுதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அண்ணன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், வயது 16. லீவு நாளில் அப்பா அம்மாவுக்குக் கஞ்சித் தூக்கை மாட்டிக்கிட்டு அந்த வண்டியில்தான் உப்பளத்துக்குப் போவான். இரண்டு மாதத்துக்கு முன்னாடி மரக்காணம் ரோட்டில் ஒரு வளைவில் மணல் சறுக்கி விழுந்துட்டான். முட்டி தேய்ந்தது, வண்டிக் கண்ணாடி உடைந்தது. அவன் விழுந்த இடத்துக்கு நாலு அடி தள்ளி ஒரு பாட்டி புல்லுக்கட்டோடு போய்க்கிட்டு இருந்தாங்க. அவங்க மேல படலை. படலைன்னதும் எல்லாரும் மறந்துட்டாங்க. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. பட்டிருந்தால்?

அப்பாவைக் கேட்டேன். “டி.வி.எஸ். பிப்டி தானேம்மா, அதுக்கு எதுக்கு லைசென்சு?” என்றார். சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மாமாவிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆனால்தான் பொது ரோட்டில் வண்டி ஓட்டலாம். 50 சி.சி.க்கு மேல் போகாத எஞ்சின் என்றால் மட்டும் 16 வயதில் ஓட்டலாம், அதுக்கும் லைசென்சு வேண்டும். 1980-ல் வந்த முதல் டி.வி.எஸ். வண்டி 50 சி.சி. அந்தப் பேர் அப்படியே நம்ம வாயில் ஒட்டிக்கிச்சு. இப்போ நம்ம வீடுகளில் நிற்கிற எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. பேர்தான் பிப்டி, எஞ்சின் நூறு! ஆகவே 16 வயதுக்காரர் அதைத் தொடவே கூடாது.

சரி, தொட்டால் யாருக்குத் தண்டனை? ஓட்டின பையனுக்குத்தான் என்று நானும் நினைத்தேன். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சின்ன வயதுப் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரும் வண்டிச் சொந்தக்காரரும் குற்றவாளி என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். “எனக்குத் தெரியாமல் எடுத்துட்டான்” என்றால் அதை அப்பாதான் நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவை ஒரு வருடத்துக்கு ரத்து செய்வார்கள். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. என் அண்ணனுக்கு உப்பு லாரி டிரைவர் ஆகணும்னு ஆசை. 20 வயதில் எடுக்க வேண்டிய லைசென்சுக்கு இன்னும் ஐந்து வருடம் காத்துக் கிடக்கணும்.

மாமா சொன்ன இன்னொரு விஷயம்தான் அப்பாவைப் பயமுறுத்தியது. விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். ஆனால் ஓட்டியவருக்கு லைசென்சு இல்லை என்றால், கட்டின பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் திருப்பி வசூல் செய்ய கோர்ட்டு கம்பெனிக்கு அனுமதி கொடுக்கலாம். அது லட்சக்கணக்கில் வரும். உப்பளக் கூலியில் லட்சத்தை எப்படிக் கட்டுவது?

புனே நகரத்தில் 2024 மே 19 அன்று 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் எஞ்சினியர்கள் இறந்தார்கள். அன்றைக்கே அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. (இந்தக் கட்டுரையே அதை விடப் பெரிசு.) நாடே கோபப்பட்ட பிறகு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பையனின் அப்பாவையும் போலீசார் கைது செய்தார்கள்.

மற்ற அபராதமும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், முன்பு 100 தான். லைசென்சு இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்சுக்கு வழி விடலைன்னாலும் 10,000. கவனக்குறைவாக ஓட்டி உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு வருடம்தான்.

இடித்துவிட்டு ஓடுவது நம்ம பக்கம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அடிப்பார்களே என்ற பயம். சட்டம் சொல்வது, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கணும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லணும். கூட்டம் அடிக்க வந்தால் முதலில் ஸ்டேஷனுக்கே போய்விடலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் தூக்கிச் சென்றால் அவர்கள் பேரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது. இது நிறைய பெரியவர்களுக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் படித்துக் காட்டினேன். அண்ணன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். கஞ்சித் தூக்கு இப்போ கவர்மெண்டு கொடுத்த சைக்கிளில்தான் போகிறது. போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிப்போகுதுன்னு அம்மா சொல்றாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி