செங்கல் இல்லை, மரம் இல்லை... ஆனாலும் கோயில்!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? அடுத்த முறை போகும்போது ஜன்னலோர சீட்டை விட்டுவிடாதீர்கள். நெல் வயல், கரும்பு, வேர்க்கடலைக் கொல்லை என்று வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பாறைக்குன்று எட்டிப் பார்க்கும். வீடு அளவுக்கு ஒரு கல், அதன் மேல் லாரி அளவுக்கு ஒரு கல், அதன் உச்சியில் விழுந்துவிடுமோ என்று பயமுறுத்தும்படி இன்னொரு கல்! ராட்சசக் குழந்தைகள் கோலி ஆடிவிட்டு, அம்மா கூப்பிட்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனார்களோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட குன்றுகளில் ஒன்றைத் தேடித்தான் இன்று நாம் நடக்கப் போகிறோம். ஊரின் பெயர் மண்டகப்பட்டு. விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே இருக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இறங்குவதில்லை. அதுவும் நல்லதுதான். பேச்சுச் சத்தம் இல்லாத இடத்தில்தான் குருவிச் சத்தம் கேட்கும்.

கிளம்பும் முன் சில விஷயங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல்லாகிவிடும்! தொப்பியும், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். பாறை இடுக்கில் கையை மட்டும் விடக்கூடாது. தேளும் பாம்பும் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் அது. நாம்தான் அவற்றின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம்.

கல் எப்படி உருண்டையானது?

சாலையை விட்டு உள்ளே நடக்கத் தொடங்கியதும் ஒரு கல்லின் பக்கத்தில் நின்று உற்றுப் பாருங்கள். கருங்கல் என்று சொல்கிறோமே தவிர, அது முழுக்கக் கறுப்பு இல்லை. பால் நிறத்தில் அல்லது இளஞ்சிவப்பில் தெரிவது ஃபெல்ஸ்பார். கண்ணாடித் தூள் போல இருப்பது குவார்ட்ஸ். வெயிலில் பளிச்சென்று மின்னும் செதில்தான், நீங்கள் நோட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைப்பீர்களே, அந்தக் காக்காப்பொன்!

செஞ்சிப் பகுதிக் கருங்கல்லின் வயது என்ன தெரியுமா? சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதே ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசருக்கே இந்தக் கல் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா!

இந்தக் கல் பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய குழம்பாக இருந்து மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. மேலே இருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, இது வெளியே வந்தது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போனதும் பாறையில் நெட்டும் குறுக்குமாக விரிசல் விழுந்தது. முதலில் அவையெல்லாம் பெட்டி போன்ற சதுரக் கற்கள்தான். விரிசல் வழியே மழைநீர் இறங்கியது. ஒரு பெட்டிக்கு மூலைகளில்தான் அடி அதிகம், இல்லையா? மூன்று பக்கமிருந்தும் நீர் தாக்குவதால் மூலை முதலில் உதிர்ந்தது. சதுரம் மெல்ல உருண்டையானது. குளியலறை சோப்பின் முனைகள் முதலில் கரைவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே சங்கதிதான்.

ஆக, இந்தக் கற்களை யாரும் தூக்கி அடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே உருண்டு திரண்டவை அவை. சில கற்கள் வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்திருப்பதையும் பார்க்கலாம்.

பாறை மேல் சாம்பல், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் பெயின்ட் சிந்தியது போலத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? நகத்தால் சுரண்டாதீர்கள்! அதற்கு லைக்கன் என்று பெயர். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. பாறையோடு ஒட்டி வளரும் வகைகளில் பல, ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உங்கள் உள்ளங்கை அளவு திட்டு ஒன்று, உங்கள் தாத்தாவை விட மூத்ததாக இருக்கக்கூடும்.

அதோ, கல்லின் உச்சியில் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு ஓணான்! இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாறை ஓணானின் முதுகு சிவந்து, பக்கங்கள் கறுத்து, சினிமா ஹீரோ மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் பாறையின் நிறமே அதன் நிறமும். அசையாமல் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

ராஜாவின் பந்தயம்

பாறையையும் ஓணானையும் பார்த்துக்கொண்டே வந்தால், குன்றின் ஒரு பக்கத்தில் பாறையைக் குடைந்து செய்த மண்டபம் தெரியும். முகப்பில் நடுவே இரண்டு பருத்த தூண்கள். கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். இரு ஓரங்களிலும் ஆளுயரத்தில் துவாரபாலகர்கள், அதாவது வாயிற்காவலர்கள். "யார் அது, உள்ளே போவது?" என்று கேட்பது போன்ற மிடுக்கு! பின்சுவரில் மூன்று சிறு அறைகள். இப்போது அவற்றுக்குள் சிலை ஏதும் இல்லை.

முதல் பார்வையில், "இவ்வளவுதானா?" என்றுகூடத் தோன்றலாம். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு நிச்சயம் தோன்றும். அவசரப்படாதீர்கள். மாமல்லபுரத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி!

முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மொழி வடமொழி, எழுத்து பல்லவ கிரந்தம். அதன் சாரம் இதுதான்: பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்குமான இந்தக் கோயிலை, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் என்ற அரசன் உண்டாக்கினான்.

விசித்திரசித்தன் என்றால் புதுமையான எண்ணங்கள் உடையவன். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று அது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர். படம் வரைவதில் ஆசை, இசையில் ஆசை, வடமொழியில் நகைச்சுவை நாடகம்கூட எழுதியவர்!

"இதில் என்ன பெருமை? கல்லில் கோயில் கட்டுவது சாதாரணம்தானே?" என்கிறீர்களா? இன்று சாதாரணம். அன்று இந்தப் பக்கத்தில் கோயில் என்றாலே செங்கல் சுவர், மரத்தூண், மரக்கூரை, ஆணி, சுண்ணாம்புக் காரை. மரத்தைக் கரையான் தின்னும். கூரையைத் தீ தின்னும். சுவரை மழை கரைக்கும். அந்தக் கோயில்களில் பெரும்பாலானவை இன்று நமக்குக் கிடைக்கவே இல்லை. இன்னொரு காரணமும் சொல்வார்கள். போரில் இறந்த வீரருக்கு நடுகல் நடுவது நம் பழைய வழக்கம். இறந்தவருக்கு உரியது கல் என்ற எண்ணத்தால், சாமிக்குக் கல்லைப் பயன்படுத்தத் தயங்கினார்களாம். அந்தத் தயக்கத்தை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் உடைத்தார். பல்லவர்கள் குடைந்தவற்றுள் இதுவே முதலாவது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

'உலோகம் இல்லாமல்' என்று கல்வெட்டு சொன்னாலும், உளி இரும்பில்தானே செய்திருப்பார்கள் என்று ஒரு குறும்புக்கார வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி! கட்டடத்தில்தான் உலோகம் இல்லை; கட்டியவர் கையில் இருந்தது. கருங்கல்லில் அடித்தால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். மறுபடி காய்ச்சி அடித்துக் கூராக்க வேண்டும். சிற்பிகளுக்கு அருகிலேயே ஒரு கொல்லரின் உலை இரவும் பகலும் புகைந்திருக்க வேண்டும்.

எப்படிக் குடைந்தார்கள்? மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளைப் பார்த்தால் புரியும். பாறையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டின் வழியே ஆழமாகப் பள்ளம் செதுக்குவார்கள். நடுவில் மைசூர்பாகுத் துண்டு போலச் சதுரங்கள் நிற்கும். அவற்றைத் தட்டி உடைத்து எடுப்பார்கள். அடுத்து இன்னும் உள்ளே கட்டம். தூண் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள், செங்கல் தூண் கோணலானால் இடித்துக் கட்டலாம். இங்கே கை தவறி ஒரு மூக்கு உடைந்தால் ஒட்டுவதற்கு வழியே இல்லை!

பந்தயத்தில் ராஜா ஜெயித்தாரா? 1,400 வருடங்கள் ஆகிவிட்டன. தூண்கள் நிற்கின்றன. எழுத்து இருக்கிறது. கரையானும் தீயும் மழையும் தோற்றுப்போயின. ஆனால் அவர் கணக்கில் சேர்க்காத ஒரு எதிரி இருக்கிறது. அது சாவி, காம்பஸ் முள், ஆணி! பழைய மண்டபங்களில், "இன்னார் வந்தோம்" என்று பெயரைக் கீறி, அதைச் சுற்றி இதயமும் வரைந்துவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தக் குடைவரை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்று 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். லைக்கன் திட்டுகூடப் பல வருடத்தில் மெல்லத்தான் பரவும்; சாவிக்கு ஒரு நிமிடம் போதும்.

குன்றுக்கே ஆபத்து வருவதும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ குன்றுகள் ஜல்லியாகவும், தரைக்குப் பதிக்கும் கிரானைட் பலகையாகவும் வெட்டப்பட்டுக் காணாமல் போயிருக்கின்றன. வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் நடலாம். 250 கோடி வயதுக் கல்லை எங்கே போய் நடுவது?

கால் இன்னும் வலிக்கவில்லையா?

அப்படியானால் செஞ்சிக்குப் பேருந்து ஏறுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் கோட்டை அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிடுகிடு பள்ளம். அதன் மேல் ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்! 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. படியேறும்போது மூச்சு வாங்கினால், பீரங்கியோடு ஏற நினைத்த சிப்பாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம். அங்குள்ள குரங்குகள் முகலாயர்களை விட வேகமானவை.

ராஜகிரி ஏற முடியாத குட்டித் தம்பி, தங்கைகளுக்கு ஊருக்கு அருகிலேயே திருநாதர் குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களை, மேலே 12, கீழே 12 என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐம்பத்தேழு என்பதை எழுத்தால் எழுதியிருப்பதால், அதன் முதல் எழுத்தே 'ஐ'. நமக்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளிலேயே மிகப் பழைய 'ஐ' இதுதான் என்கிறார்கள். இன்று நாம் எழுதும் 'ஐ' போல அது இருக்காது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், பாறையைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து, அதை வரைந்துகொண்டு வாருங்கள்.